முதியோர் துன்பம் வீட்டுக்குள்ளே விளைவது ஏன்?

முன்னுரை

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் நம் போடிநாயக்கனூரில் ஜீப் வண்டிகளின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். தூக்குவாளியில் சோறும், தலையில் துண்டும், கையில் சாக்குமாய்ப் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, கேரள எல்லைக்கு அப்பால் உள்ள ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கச் சென்று, பொழுது சாய்ந்த பிறகே வீடு திரும்புவார்கள். மற்றும் சிலர் ஊருக்குள்ளேயே ஏலக்காய் ஸ்டோர்களில் காய் பொறுக்கப் போய்விடுவர். எட்டு மணிக்கு நாமும் பள்ளிக்குப் புறப்பட்டுவிடுகிறோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருப்பது யார்? திண்ணையில் ஒரு தாத்தா. அல்லது அடுப்படி ஓரத்தில் ஓர் அப்பத்தா. மாலைவரை அவர்களோடு பேச ஓர் ஆள் கிடையாது.

ஜூன் 15ஆம் நாள் முதியோர் கொடுமை விழிப்புணர்வு நாள் என்று காலைக் கூட்டத்தில் சிஸ்டர் சொன்னபோது எங்களில் பலர் வியந்தோம். அந்தத் தேதி எங்களுக்கு வேறொரு காரணத்தால் நினைவிலிருந்தது. 2010ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோன நம் ஊர் ரயில், அகலப் பாதையில் மீண்டும் வந்து சேர்ந்தது 2023ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாளன்றுதான். ரயில் வந்ததைத் தெருவே கூடிக் கொண்டாடியது. முதியோரைப் பற்றி அன்று யாரும் நினைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் எண்ணத்துடன், வகுப்பில் குழுவாகப் பிரிந்து எங்கள் தெருக்களில் உள்ள பெரியவர்கள் சிலரைச் சந்தித்தோம்; சட்டங்களையும் செய்திகளையும் படித்துத் தெரிந்துகொண்டோம். அதன் பயனே இக்கட்டுரை.

துன்புறுத்தல் என்பது யாது?

துன்புறுத்தல் என்றதும் அடி உதைதான் நம் மனத்தில் தோன்றுகிறது. உண்மையில் அடி என்பது அதன் ஒரு பகுதியே. நம்பிக்கைக்கு உரிய ஓர் உறவில் இருப்பவர், முதியவருக்குத் தீங்கோ மன வேதனையோ உண்டாகும்படி ஒரு செயலைச் செய்வதும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் துன்புறுத்தலே என்று உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டில் விளக்கம் தந்தது. ஏசுவது, ஏளனம் செய்வது, பேசாமலே இருந்து தண்டிப்பது, மருந்து வாங்கித் தராதது, பணத்தைப் பறிப்பது, மிரட்டிக் கையெழுத்து வாங்குவது, தனியே விட்டுச் செல்வது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள குறை அன்று. 1975ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவ இதழ் ஒன்றில், பாட்டிமார் வீட்டிலேயே அடிபடுவதைப் பற்றி ஒரு மருத்துவர் கடிதம் எழுதினார். அதன் பிறகே மருத்துவ உலகம் இதனைக் கவனிக்கத் தொடங்கியது. 28 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒருவகைத் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்தார். இந்தியாவில் 2017-18இல் நடந்த பெரிய முதுமை ஆய்வில் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 5 பேர்தாம். அப்படியானால் நாம் நல்லவர்கள் என்று மகிழலாமா? அவசரப்பட வேண்டாம். நம் முதியோர் வெளியில் சொல்வதில்லை என்பதையும் இங்கே சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். அது ஏன் என்பதைப் பின்னால் காண்போம்.

குடும்பத்தில் உள்ள காரணங்கள்

முதற்காரணம் கையில் காசு இல்லாமை. முப்பது நாற்பது ஆண்டுகள் மலைக்குக் கூலியாகப் போன பெண்களை நாங்கள் சந்தித்தோம். மழையில் நனைந்து, அட்டைக் கடி பட்டு, குனிந்து குனிந்து காய் எடுத்ததில் முதுகும் முழங்காலும் போய்விட்டன. நாட்கூலியாகச் சென்ற இவர்களில் பெரும்பாலோருக்கு வருங்கால வைப்பு நிதி கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. அரசின் முதியோர் உதவித்தொகை ஒன்றே அவர்களுக்கு வருமானம். 1962ஆம் ஆண்டில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய அந்த உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தச் சிறு தொகையும் எல்லாருடைய கைக்கும் போய்ச் சேர்வதில்லை.

ஒரு பாட்டியிடம், “பணம் ஒழுங்காக வருகிறதா, பாட்டி?” என்று கேட்டோம். “வருது தாயி. கார்டு பேரன்கிட்ட இருக்கு. அவன் எடுத்தாந்து குடுத்தா உண்டு” என்றார். கொடுக்காத மாதம் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு அவர் விடை சொல்லவில்லை. நாங்கள் எழுந்து வரும்போது எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிப்புடாதீக. எம்மகன் நல்லவன்தான்” என்றார். ஆகையால் அவருடைய பெயரும் தெருவும் இங்கே இல்லை.

இரண்டாம் காரணம் சொத்து. காசில்லாதவர்கள் மட்டும் துன்பப்படுவதில்லை. நிலமும் வீடும் உள்ளவர்களும் துன்பப்படுகிறார்கள். “உங்கள் காலத்துக்குப் பிறகு எங்களுக்குத்தானே, இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பாசத்தினால் பெற்றோரும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பத்திரம் பதிவாகும்வரை இருந்த மரியாதை, பதிவான பிறகு குறைந்துவிடுகிறது. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்ற பழமொழியைப் பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை.

மூன்றாம் காரணம் பராமரிப்பவரின் களைப்பு. இதை நாங்கள் முதலில் எண்ணிப் பார்க்கவே இல்லை. மாமியாரைக் கொடுமைப்படுத்தும் மருமகள் என்று கதைகளில் படித்துவிட்டு, எளிதாகப் பழி போட்டுவிடலாம் என்று நினைத்தோம். ஆனால் ஒரு வீட்டில் கண்டது வேறு. அந்த மருமகள் நான்கு மணிக்கு எழுந்து சமைத்து, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரின் துணிகளை அலசிப் போட்டு, ஐந்தரை மணி ஜீப்பைப் பிடிக்கிறார். மாலையில் திரும்பியதும் மறுபடியும் அதே வேலை. மகனும் பேரன்களும் ஒரு கை கொடுப்பதில்லை; அது பெண்களின் வேலையாம்! களைத்துப்போன அவர் ஒரு நாள் கடுஞ்சொல் பேசுகிறார். மறுநாள் கை ஓங்குகிறார். அவர் செய்தது தவறே. ஆனால் அத்தவறில் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் பங்கு உண்டு அல்லவா?

நான்காம் காரணம் குடி. குடித்துவிட்டு வரும் மகன் பணம் கேட்டுத் தாயை அடிக்கிறான். தாய்க்கு அவனை விட்டால் கதியில்லை. அவனுக்கோ தாயின் உதவித்தொகையை விட்டால் காசில்லை. இருவரும் ஒருவரையொருவர் சார்ந்திருக்கும் இத்தகைய வீடுகளிலிருந்து முதியோரை மீட்பது மிகக் கடினம்.

ஐந்தாம் காரணம் அறியாமை. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் “எனக்குச் சோறு போடவில்லை” என்று தெருவில் நின்று சொல்லும் பாட்டியைக் கண்டு வீட்டார் கொதித்துப்போகிறார்கள். வேண்டுமென்றே மானத்தை வாங்குகிறார் என்று எண்ணுகிறார்கள். அது பிடிவாதம் அன்று; மறதி நோய். உலகில் 5 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கின்றனர். நோய் என்று தெரிந்தால் கோபம் பாதியாகக் குறையும். அவ்வாறே கண் மங்கியதால் பாத்திரத்தைத் தட்டிவிடுபவரும், காது மந்தமானதால் ஒன்றையே மூன்று முறை கேட்பவரும் திட்டு வாங்குகிறார்கள். கண்புரையைச் சிறிய அறுவை சிகிச்சையால் நீக்கிவிடலாம். அதற்குப் பெயர் பெற்ற அரவிந்த் கண் மருத்துவமனை நம் தேனியில் 1985ஆம் ஆண்டு முதலே இருக்கிறது. ஆனாலும், “இனிமேல் பார்த்து என்ன செய்யப் போகிறார்?” என்று சொல்லி அழைத்துப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. இதுவும் துன்புறுத்தலே.

பண்பாட்டில் உள்ள காரணங்கள்

நம் தமிழ்ப் பண்பாடு முதியோரைப் போற்றுவது என்று மேடைதோறும் பேசுகிறோம். கொன்றை வேந்தனின் முதல் அடியைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். மறைக்கல்வி வகுப்பில் நான்காம் கட்டளையையும் படித்திருக்கிறோம். எனினும் அதே பண்பாட்டின் சில வழக்கங்கள் முதியோருக்கு முள்ளாக இருப்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒன்று, “மகள் வீட்டில் கை நனைக்கக் கூடாது” என்னும் எண்ணம். மகன் வீட்டில் பட்டினி கிடந்தாலும் கிடப்பார்கள். அன்பாக அழைக்கும் மகள் வீட்டுக்குப் போய்த் தங்க மாட்டார்கள். போனால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ, மகனுக்கு இழுக்கு வருமோ என்று அஞ்சுகிறார்கள். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் பூர்விகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கைத் தந்துள்ளது. உரிமையில் சமம் என்றால் பெற்றோரைக் காக்கும் கடமையிலும் சமம்தானே? பெண்களாகிய நாம் இதனை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

இரண்டு, முறை வைத்துச் சோறு போடுவது. மூன்று மகன்கள் இருந்தால் மாதத்துக்கு ஒருவர் வீடு. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு வீட்டில் பிரிந்து வாழ்வதும் உண்டு. மாதம் 31 நாளாக இருந்தால் அந்த ஒரு நாள் யார் கணக்கில் என்று சண்டை வருவதைக்கூட ஒரு தாத்தா சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை.

மூன்று, கைம்பெண்களின் நிலை. கணவர் இருக்கும்வரை பெட்டிச் சாவி கையில் இருந்தது. அவர் மறைந்ததும் சாவி மாறிவிடுகிறது; நல்ல காரியங்களில் முன்னே நிற்கவும் விடுவதில்லை. பெண்கள் ஆண்களைவிட நீண்ட நாள் வாழ்வதாலும், தம்மைவிட மூத்தவரை மணப்பதாலும், முதுமையில் தனித்திருப்பவர்களில் பெண்களே மிகுதி. அதனால் துன்பமும் அவர்களுக்கே மிகுதியாகிறது.

நான்கு, “வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது” என்னும் குடும்ப மானம். இதுவே எல்லாவற்றிலும் பெரியது என்பது எங்கள் கருத்து. அடித்த மகனைக் காட்டிக் கொடுத்தால், தான் வளர்த்த வளர்ப்பைத் தானே குறை சொன்னதாகும் என்று தாய் எண்ணுகிறாள். அக்கம்பக்கத்தாரும், “அது அவர்கள் குடும்ப விவகாரம்” என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நூற்றுக்கு 5 பேர் என்ற கணக்கைக் கண்டு மகிழ வேண்டாம் என்று நாங்கள் சொன்னது இதனால்தான்.

தலைக்கூத்தல்

இந்த மௌனம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குத் தென் மாவட்டங்களிலேயே சான்று இருக்கிறது. எழுதக் கை கூசினாலும் மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறோம். விருதுநகர், மதுரை, தேனி மாவட்டங்களின் சில ஊர்களில், படுத்த படுக்கையான முதியோரை எண்ணெய்க் குளியல் என்ற பெயரால் சாகவிடும் வழக்கம் இருந்ததாகச் செய்திகள் வந்துள்ளன. அதற்குத் தலைக்கூத்தல் என்று பெயர். 2010ஆம் ஆண்டில் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த 80 வயது முதியவர் ஒருவர், தம் வீட்டார் அவ்வாறு திட்டமிடுவதையும், தம் நிலத்தை எப்படிப் பங்கு போடுவது என்று பேசிக்கொள்வதையும் கேட்டு, உறவினர் வீட்டுக்குத் தப்பி ஓடினார். அதன் பிறகே இவ்வழக்கம் நாடெங்கும் தெரியவந்தது. இதனைக் கருவாகக் கொண்ட ‘பாரம்’ என்னும் திரைப்படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது.

“அவர் படும் வேதனையைப் பார்க்க முடியவில்லை” என்பதே இதைச் செய்தவர்கள் சொல்லும் காரணம். வறுமையும், வலிக்கு மருந்து கிடைக்காமையும் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த முதியவரைக் கேட்டவர் யார்? உறவினர் எல்லாரும் கூடி நடத்துவதால் அது சடங்கு ஆகிவிடுமா? சட்டத்தின் கண்ணில் அது கொலையே. உயிரைக் கொடுத்த இறைவனுக்கே அதை எடுக்கும் உரிமை உண்டு என்பதே நாம் கற்ற பாடம். இன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் சிகிச்சை அளிக்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் தொடங்கிய இத்திட்டத்தைப் பற்றி, படுக்கையில் முதியவர் உள்ள ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2009ஆம் ஆண்டில் வெளியாயின. பெற்றோர்கள் இக்கட்டுரையில் இப்பகுதியை மட்டுமாவது படித்துத் தம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டுகிறோம்.

தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோர், மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி ஆகியோரிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதி வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுத்தால் போதும். நம் வட்டத்துக்கு உரிய கோட்டாட்சியர் அலுவலகம் உத்தமபாளையத்தில் உள்ளது. எழுத முடியாதவருக்காக, அவர் ஒப்புதலுடன் வேறொருவரோ ஒரு தொண்டு நிறுவனமோ மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய்வரை வழங்க உத்தரவிட இச்சட்டம் வழி செய்தது. தம் பொறுப்பில் உள்ள முதியவரைக் கைவிட்டுச் செல்பவருக்கு 3 மாதச் சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சொத்தைப் பற்றி 23ஆம் பிரிவு சொல்வது மிக முக்கியமானது. “என்னைப் பராமரிக்க வேண்டும்” என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தை, பிள்ளைகள் அந்நிபந்தனையை மீறினால் செல்லாது என்று அறிவிக்கச் செய்யலாம். அத்தகைய நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இப்பிரிவு பொருந்தாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில், மகனுக்கு அவர் எழுதிக் கொடுத்த தானத்தை ரத்து செய்து, வீட்டைத் தாயிடமே ஒப்படைக்கும்படி அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே எழுதிக் கொடுப்பவர்கள் அந்த ஒரு வரியைப் பத்திரத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவசர உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது. முதியோருக்காகவே நாடு முழுவதற்கும் உரிய கட்டணமில்லாத் தொலைபேசி இது. இதைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

கட்டுரையை இங்கே முடித்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் ஊரார் வீடுகளை எல்லாம் பார்த்து வந்த நாங்கள், ஒரு மாலையில் வகுப்பில் அமர்ந்து எங்கள் வீடுகளைப் பற்றிப் பேசினோம். அப்போது எங்களில் ஒருத்தி சொன்னது இது. அவளுடைய அப்பத்தா ஒரு நாள், “யாரு வந்துட்டுப் போறது?” என்று மூன்று முறை கேட்டாராம். கைப்பேசியில் ஆழ்ந்திருந்த அவள், “ஒரு தடவை சொன்னா தெரியாதா? பேசாம கிடங்க!” என்று கத்திவிட்டாளாம். அதன் பிறகு அப்பத்தா எதையுமே கேட்பதில்லை. அவருக்கு ஒரு காது முற்றும் செவிடாகிவிட்டது என்பது, மாதங்கள் கழித்து மருத்துவர் சொன்ன பிறகே வீட்டாருக்குத் தெரிந்ததாம்.

அவள் சொல்லி முடித்ததும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்படிக் கத்தாதவள் எங்களில் ஒருத்திகூட இல்லை. துன்புறுத்தல் பிறர் வீட்டில்தான் நடக்கிறது என்று எண்ணி நோட்டும் பேனாவுமாகப் புறப்பட்டவர்கள் நாங்கள்! கடுஞ்சொல்லும் துன்புறுத்தலே என்று மேலே எழுதியிருக்கிறோம். அந்தக் கணக்கில் எங்களையும் சேர்த்துக்கொள்கிறோம்.

எனவே அன்று சில தீர்மானங்கள் செய்துகொண்டோம். பள்ளியிலிருந்து வந்ததும் பத்து நிமிடமாவது தாத்தா பாட்டியிடம் அமர்ந்து பேசுவது. அவர்கள் உண்டார்களா என்று கேட்ட பிறகே தட்டில் கை வைப்பது. மாத்திரைகளை வேளை பிரித்து எடுத்துக் கொடுப்பது. அவர்களைக் கவனிக்கும் வேலையில் அம்மாவுக்குத் துணை நிற்பதோடு, அண்ணன் தம்பிகளையும் அதில் சேர்ப்பது. உதவித்தொகை அவர்கள் கையிலேயே சேர்கிறதா என்று பார்ப்பது. அக்கம்பக்கத்தில் தவறு நடந்தால் பெற்றோரிடமோ சிஸ்டரிடமோ சொல்வது. “பெருசு”, “கிழடு” என்னும் சொற்களை விளையாட்டுக்கும் சொல்வதில்லை.

முடிவுரை

1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஜான் ஜூகான் என்னும் ஏழைப் பெண், பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் கட்டிலையே அவருக்குக் கொடுத்தார். அந்த ஒரு கட்டிலிலிருந்து ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை வளர்ந்தது. 2009ஆம் ஆண்டில் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. நமக்குப் புதிதாக யாரையும் தேடிக் கொண்டுவரும் வேலை இல்லை. நம் வீட்டுத் திண்ணையிலேயே அவர்கள் இருக்கிறார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைத் தொட்டவர்கள். அந்தத் தொகை மேலும் மேலும் உயரும். ஒரு நாள் அதில் நாமும் இருப்போம்.

காது கேளாத அந்த அப்பத்தாவுக்குக் கருவி வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை நம் தோழி தினமும் மாலையில் அவருடைய நல்ல காதுப் பக்கமாக அமர்ந்து, தெருவில் யார் வந்தார், யார் போனார் என்று ஒன்று விடாமல் சொல்லி வருகிறாள். முதல் நாள் அப்பத்தா ஒன்றும் பேசவில்லையாம். நான்காம் நாள், “அப்புறம் யாரு வந்தா?” என்று கேட்டாராம். தோழியரே, இன்று மாலை வீட்டுக்குப் போனதும் நாமும் பேசத் தொடங்குவோமா?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு